போகிறவருக்குத் திட்டு, வருகிறவருக்கு மாலை! அமெரிக்க ஓட்டரின் அவசரத் தீர்ப்பு

444 நாள் சிறைவாசம். 52 கைதிகள். அவர்கள் விடுதலையான நேரம் என்ன தெரியுமா?

புது ஜனாதிபதி பதவிப் பிரமாணம் எடுத்து முடித்த சில நிமிஷத்தில்!

1981-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி. வாஷிங்டன் நகரில் பகல் 12 மணி. மாஜி சினிமா நடிகர் ரொனால்டு ரீகன் பிரமாணம் எடுத்தார். அதே சமயத்தில் ஈரான் தலைநகர் டெஹ்ரானில் இருந்து அமெரிக்கக் கைதிகளை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியது.

அடுத்த வாரம் 52 பேருக்கும் வெள்ளை மாளிகையில் தடபுடல் வரவேற்பு. கை குலுக்கி வரவேற்றவர் ரீகன். எல்லாப் படத்திலும் அவர்தான்.

சரி, இந்த 52 பேரையும் மீட்கப் பேரம் பேசியது யார்?

பழைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர்!

1979 நவம்பர் 4-ந் தேதி டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர் கூட்டம் புகுந்து ஊழியர்களைப் பிடித்து வைத்தது. அன்று போச்சு கார்ட்டரின் தூக்கம். 1980 ஏப்ரலில் ராணுவத்தை அனுப்பி மீட்கப் பார்த்தார். பாலைவனத்தில் ஹெலிகாப்டரும் விமானமும் மோதி 8 வீரர்கள் பலியானார்கள். நவம்பரில் தேர்தல். கார்ட்டர் தோற்றார்.

தோற்ற பிறகும் அவர் விடவில்லை. அல்ஜீரியா நாட்டை நடுவில் வைத்துப் பேசினார். முடக்கி வைத்திருந்த ஈரான் பணத்தில் சுமார் 800 கோடி டாலரை விடுவிக்க ஏற்பாடு ஆனது. பதவியின் கடைசி ராத்திரி முழுக்க ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தம் முடிந்தது ஜனவரி 19-ந் தேதி. அன்றைக்கும் ஜனாதிபதி கார்ட்டர்தான்.

ஆனால் விமானம் மட்டும் கிளம்பவில்லை. 12 மணி அடித்து, கார்ட்டர் மாஜி ஆன பிறகுதான் கிளம்பியது. அவருக்குப் பேர் கிடைக்கக்கூடாது என்றே ஈரான்காரர்கள் இழுத்தடித்தார்கள் என்பது பரவலான கருத்து.

உழைத்தது ஒருவர், பேர் வாங்கியது இன்னொருவர்.

இது ஏதோ ஒரு நாள் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு தடவை நாற்காலி கைமாறும்போதும் இந்தச் சங்கதி நடக்கிறது. போகிறவர் மேல் பழி எல்லாம் விழுகிறது. வருகிறவர் கழுத்தில் மாலை எல்லாம் விழுகிறது. கொஞ்ச நாள் கழித்துக் கணக்குப் பார்த்தால் பழியும் மாலையும் இடம் மாறி விழுந்திருப்பது தெரிகிறது.

ஓட்டுப் போட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது ஜனங்களின் உரிமை. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அன்றைக்கே "இவர் உருப்படாதவர், அவர் உத்தமர்" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்களே, அதுதான் தப்பு. அதனால் வரும் நஷ்டம் சின்ன நஷ்டம் இல்லை.

கசப்பு மருந்து

கார்ட்டர் தோற்றது கைதிகள் விவகாரத்தால் மட்டும் இல்லை. விலைவாசி!

1980-ல் அமெரிக்காவில் விலைவாசி சராசரியாக நூற்றுக்கு 13.5 வீதம் ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் பாங்குகள் முதல்தர வாடிக்கையாளருக்கே 21.5 சதவீத வட்டி போட்டன. வீடு வாங்க நினைத்தவன், கடை வைக்க நினைத்தவன், டிராக்டர் வாங்க நினைத்தவன் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு டெலிவிஷன் விவாதம். ரீகன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாலு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று ஜனங்களைப் பார்த்துக் கேட்டார். கார்ட்டர் கதை அதோடு முடிந்தது. 50 மாநிலங்களில் 44 ரீகன் பக்கம் போனது.

இப்போது உள் விவகாரத்தைப் பார்ப்போம்.

வட்டியை அந்த உயரத்துக்கு ஏற்றியவர் பால் வோல்க்கர். மத்திய பாங்கின் தலைவர். ஆறடி ஏழு அங்குலம் உயரம், வாயில் எப்போதும் சுருட்டு. 1979 ஆகஸ்டில் அவரை அந்த வேலையில் உட்கார வைத்தவரே கார்ட்டர்தான்! கடன் வாங்குவது கஷ்டமானால் செலவு குறையும், செலவு குறைந்தால் விலை அடங்கும். இதுதான் வோல்க்கரின் வைத்தியம். அடுத்த வருஷம் தேர்தல் என்று தெரிந்தும் கார்ட்டர் அவரைக் கொண்டுவந்தார். மருந்து கசந்தது. நோயாளி டாக்டரையே விரட்டிவிட்டார்!

ரீகன் வந்தார். வைத்தியம் தொடர்ந்தது. 1982 கடைசியில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவீதம். விவசாயிகள் டிராக்டரோடு வாஷிங்டனுக்கே வந்து மத்திய பாங்கு முன்பு மறியல் செய்தார்கள். வீடு கட்டும் காண்டிராக்டர்கள் மரக்கட்டைகளைத் தபாலில் வோல்க்கருக்கு அனுப்பினார்கள். விற்காத மரத்தை வைத்து என்ன செய்வது என்று அர்த்தம்!

1983 ஜனவரியில் 'கேலப்' நிறுவனம் கணக்கெடுத்தபோது ரீகனை ஆதரித்தவர்கள் 100-க்கு 35 பேர். கார்ட்டர் போகும்போது அவருக்கு இருந்தது 34. ஒரே ஒரு பேர்தான் வித்தியாசம்!

அந்த மாதம் தேர்தல் நடந்திருந்தால் ரீகனும் ரெயில் ஏற வேண்டியதுதான்.

நடக்கவில்லை. மருந்து வேலை செய்தது. 1983-ல் விலை ஏற்றம் 3.2 சதவீதமாக இறங்கியது. வியாபாரம் சூடு பிடித்தது. 1984-ல் ரீகன் 49 மாநிலங்களை அள்ளினார்.

ரீகனுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஜனங்கள் திட்டித் தீர்த்த நேரத்தில் அவர் வோல்க்கரை வீட்டுக்கு அனுப்பவில்லை. 1983-ல் மறுபடியும் அவரையே நியமித்தார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ் போடலாம். ஆனால் முதல் டோஸ் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? வசவு!

இதில் அடுத்து வருகிற அரசியல்வாதி என்ன பாடம் படிப்பார்? "கசப்பு மருந்து கொடுத்தவன் கெட்டான். நாம் சர்க்கரைத் தண்ணி கொடுத்துக் காலத்தை ஓட்டிவிடலாம். நோய் முற்றினால் அடுத்தவன் பாடு." இப்படித்தானே நினைப்பார்? அவசரத் தீர்ப்புக்கு ஜனங்கள் கொடுக்கிற விலை இதுதான்.

தீர்ப்புக்குப் பிறகு வந்த சாட்சி

கோர்ட்டில் ஒரு கேஸ். தீர்ப்பு சொல்லியாயிற்று. ஆசாமி உள்ளே போயாயிற்று. அதற்கப்புறம் முக்கிய சாட்சி வந்து கூண்டில் ஏறினால் எப்படி இருக்கும்?

1992-ல் அப்பா புஷ்ஷுக்கு அதுதான் நடந்தது.

1991-ல் குவைத் யுத்தம் ஜெயித்த சூட்டில் ஜார்ஜ் புஷ்ஷை 100-க்கு 89 பேர் பாராட்டினார்கள். இனி இவரை அசைக்க ஆள் இல்லை என்றார்கள். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 1992 கோடையில் அது 29 ஆகச் சரிந்தது. காரணம், வியாபார மந்தம். நவம்பர் 3-ந் தேதி தேர்தல். பில் கிளிண்டன் ஜெயித்தார். புஷ்ஷுக்கு விழுந்தது 100-க்கு 37 ஓட்டு.

டிசம்பர் 22-ந் தேதி ஒரு அறிவிப்பு வந்தது. எப்போது மந்தம் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தேதி குறித்துச் சொல்லும் பொருளாதார நிபுணர்கள் குழு அங்கே உண்டு. அந்தக் குழு சொன்னது என்ன?

"மந்தம் 1991 மார்ச் மாதமே முடிந்துவிட்டது!"

அதாவது தேர்தலுக்கு 20 மாதம் முன்பே முடிந்துவிட்டது! சாட்சி வந்து சேர்ந்தது தேர்தல் முடிந்து 7 வாரம் கழித்து!

அப்படியானால் ஜனங்கள் பொய் சொன்னார்களா? இல்லை. நிபுணர் கணக்கில் மந்தம் முடிந்தது. வேலை போனவன் வீட்டில் முடியவில்லை. வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 1992 ஜூனில்தான் உச்சத்துக்குப் போனது, 7.8 சதவீதம். ஓட்டுப் போட்டவன் தன் பையைத் தடவிப் பார்த்துத்தான் போட்டான். பையில் இருந்தது நிஜம். ஆனால் காற்று திரும்பிவிட்டது என்பதும் நிஜம். திரும்பிய காற்றில் பட்டம் விட்டவர் கிளிண்டன்.

போன பிறகு பாசம்

இதில் வேடிக்கை இனிமேல்தான்.

அக்டோபரில் புஷ்ஷை ஆதரித்தவர்கள் 100-க்கு 34 பேர். அவர் தோற்றார். பெட்டி கட்டினார். ஜனவரியில் போகிற நேரத்தில் கணக்கெடுத்தார்கள். 56 பேர் ஆதரவு!

இரண்டரை மாதத்தில் அவர் அப்படி என்ன சாதித்துவிட்டார்? பஞ்சத்தில் வாடிய சோமாலியாவுக்குப் படை அனுப்பினார், ரஷ்யாவோடு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போட்டார். அவையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் ஒன்றுதான். அவர் இனிமேல் ஜனாதிபதி இல்லை! கோபத்தைக் காட்டியாயிற்று. "பாவம், மனுஷன் நல்லவர்தான்" என்று சொல்ல வாய் வந்தது.

அவரும் பெரிய மனுஷராகத்தான் நடந்துகொண்டார். கிளிண்டனுக்கு மேஜையில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். உங்கள் வெற்றிதான் இனி நாட்டின் வெற்றி என்கிற கருத்தில் வாழ்த்து எழுதினார். தோற்கடித்தவருக்கே வாழ்த்து!

ஹாரி ட்ரூமன் கதை இதைவிடப் பெரிசு. கொரியா யுத்தம் இழுபறி. புகழ்பெற்ற தளபதி மெக்ஆர்தரை 1951-ல் வேலையில் இருந்து தூக்கினார். ஜனங்கள் கொதித்தார்கள். 1952 பிப்ரவரியில் அவருக்கு ஆதரவு 100-க்கு 22 பேர். வாட்டர்கேட் ஊழலில் சிக்கி 1974-ல் ராஜினாமா செய்த நிக்சனுக்குக்கூட 24 பேர் இருந்தார்கள்!

1953 ஜனவரியில் ட்ரூமன் ரெயில் ஏறிச் சொந்த ஊருக்குப் போனார். அப்போது மாஜி ஜனாதிபதி என்பதற்காகப் பென்ஷன் கிடையாது. அந்தச் சட்டமே 1958-ல்தான் வந்தது.

பிற்பாடு சரித்திர ஆசிரியர்கள் ஏட்டைப் புரட்டினார்கள். யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவுக்குப் பண உதவித் திட்டம், ராணுவத்தில் கறுப்பர்-வெள்ளையர் பாகுபாட்டை ஒழிக்க 1948-ல் போட்ட உத்தரவு, 1949-ல் அமைந்த 'நேட்டோ' கூட்டணி எல்லாம் அவர் காலத்தது. தளபதியைத் தூக்கியதும் சரிதான் என்றார்கள் பலர். ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்கு ராணுவம் கட்டுப்பட வேண்டும் அல்லவா? இன்று சிறந்த ஜனாதிபதிகள் பட்டியலில் முதல் 10 பேருக்குள் அவரை வைக்கிறார்கள்.

ஜெரால்டு போர்டு 1974-ல் நிக்சனுக்கு மன்னிப்புக் கொடுத்தார். "உள்கை வேலை" என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். 1976-ல் அவர் தோற்க அது பெரிய காரணம். 2001-ல் அதே மன்னிப்புக்காகக் கென்னடி நூலகம் அவருக்குத் துணிச்சல் விருது கொடுத்தது. 1974-ல் மன்னிப்பைக் கண்டித்த செனட்டர் எட்வர்டு கென்னடியே மேடையில் பாராட்டினார். 27 வருஷம் கழித்து அப்பீலில் விடுதலை!

காலம் போனால் எல்லோருக்கும் வெள்ளை அடித்துவிடுவார்களா? அதுவும் இல்லை. 2023-ல் கேலப் நிறுவனம் மாஜி ஜனாதிபதிகளைப் பற்றிக் கேட்டது. கார்ட்டருக்கு 57 பேர் பாஸ் மார்க் போட்டார்கள். அப்பா புஷ்ஷுக்கு 66. நிக்சனுக்கு? வெறும் 32! அரை நூற்றாண்டு ஆகியும் அவர் கறை போகவில்லை. ஆக, காலம் எல்லோரையும் மன்னிப்பதில்லை. கணக்கைத்தான் சரி பார்க்கிறது.

புது மாப்பிள்ளை மவுசு

வருகிறவர் பக்கம் வருவோம்.

1960-ல் கென்னடி ஜெயித்தது மயிரிழையில். சுமார் 6 கோடியே 88 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட தேர்தலில் வித்தியாசம் லட்சத்துச் சொச்சம். கிட்டத்தட்ட நாட்டில் பாதிப் பேர் அவருக்கு எதிராகப் போட்டவர்கள். ஆனால் அவர் பதவி ஏற்றதும் கேட்டபோது 72 பேர் ஆதரவு. எதிர்ப்பு எவ்வளவு? 100-க்கு 6 பேர்!

"தேர்தல் முடிஞ்சுது, இனி இவர் நம்ம ஜனாதிபதி" என்று நினைத்த காலம் அது.

இந்த நம்பிக்கை வீண் இல்லை. சில சமயம் அதுவே மருந்து. 1933 மார்ச்சில் பிராங்ளின் ரூஸ்வெல்ட் பதவி ஏற்றபோது பாங்குகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. அன்றைய முறைப்படி நவம்பரில் ஜெயித்தவர் மார்ச் வரை காத்திருக்க வேண்டும். அந்த நாலு மாதத்தில் பழைய ஜனாதிபதி ஹூவரை யாரும் மதிக்கவில்லை. புதியவருக்கு இன்னும் அதிகாரம் இல்லை. ஜனங்கள் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரூஸ்வெல்ட் வந்ததும் எல்லா பாங்குகளையும் மூடச் சொன்னார். அவசரச் சட்டம் போட்டார். ரேடியோவில் வந்து, திறக்கிற பாங்கில் பணம் பத்திரமாக இருக்கும் என்று வீட்டு ஆள் மாதிரி விளக்கினார். மறுநாள் பாங்கு திறந்தது. பணம் எடுக்க இல்லை, போடக் கியூ நின்றது!

ஆனால் ஒரு விஷயம். அந்த அவசரச் சட்டத்தை எழுத உதவியது யார்? ஹூவரின் நிதி இலாகா அதிகாரிகள்! பதவி போன பிறகும் தங்கியிருந்து ராத்திரி பகலாக வேலை பார்த்தார்கள். ஹூவர் சொன்னால் நம்பியிருக்கமாட்டார்கள், ரூஸ்வெல்ட் சொன்னதால் நம்பினார்கள். சரக்கில் பாதி பழைய கடையுடையது. போர்டு மட்டும் புதுசு.

இந்த மவுசு ரொம்ப நாள் நிற்காது. கிளிண்டன் 58-ல் ஆரம்பித்தார். 1993 ஜூனில், ஐந்தே மாதத்தில், 37! வரவேற்பு என்பது மெடல் இல்லை, கைமாற்று. தவணை தவறினால் ஜனங்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

கண்ணாடி மாறிப்போச்சு

இப்போது நிலைமை இன்னும் மோசம். அந்தக் கைமாற்றுக்கூடக் கிடைப்பதில்லை.

2017-ல் டொனால்டு டிரம்ப் பதவி ஏற்றபோது ஆதரவு 45, எதிர்ப்பும் 45. கென்னடிக்கு 6 பேர் எதிர்ப்பு என்று பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஜனவரியில் டிரம்ப் இரண்டாம் தடவை வந்தபோதும் ஆதரவு 47, எதிர்ப்பு 48. கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் சண்டை!

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு.

2016 நவம்பர் தேர்தலுக்கு முந்தைய வாரம். "நாட்டின் பொருளாதாரம் முன்னேறுகிறதா?" என்று கேலப் நிறுவனம் கேட்டது. டிரம்பின் ரிபப்ளிகன் கட்சிக்காரர்களில் 100-க்கு 16 பேர்தான் "ஆமாம்" என்றார்கள். தேர்தல் முடிந்து டிரம்ப் ஜெயித்தார். உடனே மறுபடி கேட்டார்கள். 49 பேர் "ஆமாம்"!

டெமாக்ரடிக் கட்சிக்காரர்கள்? முன்பு 61 பேர் முன்னேறுகிறது என்றார்கள். பிறகு 46 பேராகக் குறைந்தார்கள்.

நடுவில் என்ன மாறியது? அதே சம்பளம். அதே வாடகை. அதே கடை, அதே விலை. ஜனாதிபதி நாற்காலியில்கூட ஒபாமாதான் இருந்தார்! டிரம்ப் பதவி ஏற்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மாறியது மூக்குக் கண்ணாடி மட்டும்தான்.

2024 தேர்தலுக்குப் பிறகும் இதே கூத்து நடந்தது. ரிபப்ளிகன்காரர்களின் நம்பிக்கை ஏறியது, டெமாக்ரடிக்காரர்களின் நம்பிக்கை இறங்கியது. பையைத் தடவிப் பார்த்து ஓட்டுப் போட்ட காலம் போய், கட்சிக் கொடியைப் பார்த்துப் பையை எடை போடும் காலம் வந்துவிட்டது. 1980-ல் ரீகன் கேட்ட கேள்விக்கு ஜனங்கள் சொன்ன பதிலில் ஒரு நேர்மை இருந்தது. இதில் அது எங்கே?

ஏறின விலை இறங்கலையே!

2024-ல் அமெரிக்க ஓட்டருக்கு அபூர்வமான சந்தர்ப்பம் ஒன்று கிடைத்தது. 2021-ல் பதவி போன டிரம்ப் மறுபடி நின்றார். எதிரே, பைடனின் துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ். இரண்டு ஆட்சிகளின் கணக்கு நோட்டும் கையில் இருந்தது. இப்படி ஒருவர் தோற்றுப் போய், இடைவெளி விட்டு மறுபடி வந்தது 1892-ல் குரோவர் கிளீவ்லண்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

2021 ஜனவரியில் டிரம்ப் போகும்போது அவருக்கு ஆதரவு 34. அவருடைய ஆதரவாளர்கள் பார்லிமெண்ட் கட்டிடத்துக்குள் புகுந்து கலவரம் செய்த மாதம் அது. புதியவர் பதவி ஏற்ற விழாவுக்கும் அவர் வரவில்லை. ஆனால் 2023-ல் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது 46 பேர் அவர் ஆட்சி பரவாயில்லை என்றார்கள். கலவரம் மறந்ததா? சிலருக்கு மறந்தது, பலருக்கு மறக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது பழைய விலை!

2022 ஜூனில் அங்கே விலை ஏற்றம் 9.1 சதவீதம் வரை போனது. கொரோனாவில் முடங்கிய சரக்குப் போக்குவரத்து, உக்ரைன் யுத்தம், இரண்டு ஆட்சிகளும் கொட்டிய நிவாரணப் பணம் என்று காரணம் பல. 2024 கடைசியில் ஏற்றம் 3 சதவீதத்துக்குள் அடங்கியது. பைடன் கட்சிக்காரர்கள் "விலைவாசி அடங்கிவிட்டது" என்று பெருமைப்பட்டார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறின விலை இறங்கவே இல்லை! நாலு வருஷத்துக்கு முன்பு 100 டாலருக்கு வாங்கிய சாமானுக்கு 2024 கடைசியில் 120 டாலருக்கு மேல். புள்ளிவிவரத்தைக் காட்டினால் முட்டை விலை குறையுமா? 2025 ஜனவரியில் பைடன் வீட்டுக்குப் போனபோது அவருக்கு ஆதரவு 40.

இதில் ஓட்டரையும் குறை சொல்ல முடியாது, நிபுணரையும் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது வேகம், இவர் பார்த்தது விலை.

ஓட்டர் என்ன முட்டாளா?

கிடையவே கிடையாது. ஓட்டருக்கு இருப்பது ஒரு ஓட்டு, இரண்டு மூன்று பேர், ஒரு நாள். சாட்சி எல்லாம் வந்து சேரும்வரை அவர் காத்திருக்க முடியாது. பையில் காசு இருக்கா, வேலை இருக்கா, மகன் யுத்தத்துக்குப் போனானா, திரும்பி வந்தானா? இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இந்தப் பயம் இல்லாவிட்டால் எந்த ஜனாதிபதியும் ஜனங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆனால் போலீஸ், கோர்ட் விவகாரம் எழுதுகிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒருவரைச் சந்தேகத்தில் பிடிப்பது வேறு, குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுவது வேறு. ஓட்டு என்பது வேலையை விட்டு அனுப்புகிற சீட்டு. அது நன்னடத்தைச் சான்றிதழும் இல்லை, தூக்குத் தண்டனையும் இல்லை. அந்தக் கணக்கைப் பிறகுதான் எழுத வேண்டும், நிதானமாக எழுத வேண்டும்.

எழுதும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

ஒன்று: இந்த நல்லதோ கெட்டதோ எப்போது ஆரம்பித்தது? வோல்க்கர் வந்த வருஷம் 1979. விலை அடங்கிய வருஷம் 1983. இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டு: இது அவர் கையில் இருந்ததா? பெட்ரோல் விலையும் வெளிநாட்டு யுத்தமும் பல சமயம் ஜனாதிபதி கேட்டு வருவதில்லை. வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் அவர் கணக்கு.

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி: இதையே என் கட்சிக்காரர் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? 2016 நவம்பரில் ஒரே வாரத்தில் பேச்சை மாற்றிய லட்சக்கணக்கான பேரில் இதை எத்தனை பேர் தங்களைத் தாங்களே கேட்டிருப்பார்கள்?

ஜனாதிபதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1977 ஜனவரியில் கார்ட்டர் பதவி ஏற்றபோது தன் பேச்சின் முதல் வார்த்தையாகத் தன்னிடம் தோற்ற போர்டுக்கு நன்றி சொன்னார். நாட்டின் புண்ணை ஆற்றினீர்கள் என்றார். போர்டு எழுந்து கை கொடுத்தார். வருகிறவர் இப்படி நடந்தால் ஜனங்களும் கொஞ்சம் நிதானிப்பார்கள். "எனக்கு முன்னால் இருந்தவன் எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டான்" என்றே ஒவ்வொருவரும் ஆரம்பித்தால், நாலு வருஷத்தில் அதே வார்த்தை அவருக்கும் திரும்பி வரும்.

நம் நாட்டில் அரியானா மாநிலத்தில் ஒரு கிராமம் இருக்கிறது. 1978 ஜனவரியில் கார்ட்டர் அங்கே போனார். அவர் தாயார் லில்லியன் 60-களில் பம்பாய் அருகே தொண்டு வேலை பார்த்தவர். ஜனாதிபதி வந்து போன சந்தோஷத்தில் கிராமத்தார் தங்கள் ஊருக்குக் 'கார்ட்டர்புரி' என்று பெயர் வைத்தார்கள். 1980-ல் அவர் தோற்றார். அமெரிக்காவே கை கழுவியது. இந்த ஊர்க்காரர்கள் மட்டும் பெயரை மாற்றவில்லை.

2002-ல் அவருக்குச் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. 2024 டிசம்பர் 29-ந் தேதி 100-வது வயதில் காலமானார். அன்று அமெரிக்காவில் கட்சி வித்தியாசம் இல்லாமல் புகழ்ந்தார்கள். 44 வருஷத்துக்கு முன்பு அவரைத் தோற்கடித்தது தப்பா? தப்பு என்று நாம் சொல்லவில்லை. அன்றைய விலைவாசியில் நாமும் அப்படித்தான் குத்தியிருப்போம்.

ஆனால் ஓட்டுப் பெட்டியை மூடுகிற அன்றைக்கே கணக்கு நோட்டையும் மூடிவிடாதீர்கள். சாட்சி இன்னும் வந்துகொண்டிருக்கிறது!